மெய்யூ மழைமுகப்பு
கிழக்கு ஆசியாவின் கோடைப் பருவமழையைச் சுமந்து வரும் மேகப்பட்டை. கிழக்கு மேற்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும். ஜப்பானில் இதைப் பையூ என்றும் கொரியாவில் சாங்மா என்றும் அழைக்கிறார்கள். மேற்குப் பசிபிக் உயரழுத்தத்தின் விளிம்பைச் சுற்றி வரும் ஈரக்காற்றும் வடக்கிலிருந்து இறங்கும் காற்றும் சந்திக்கும் இடம் இது. உயரழுத்தம் வடக்கே ஏற ஏற முகப்பும் ஏறும். சீராக அல்ல, நின்று நின்று தாவும். மே மாதத்தில் தென்சீனா, ஒக்கினாவா. ஜூன் நடுவில் யாங்சிப் படுகை. ஜூலைக் கடைசியில் வடசீனா. ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் பையூத் தொடக்கம் அறிவிக்கப்படுவதில்லை.

எங்கே, எத்தனை நாள் நிற்கிறது என்பதே அந்த ஆண்டு வெள்ளமா வறட்சியா என்பதைத் தீர்மானிக்கிறது. 1998 ஜூலையில், வடக்கே போன முகப்பு யாங்சிக்கே திரும்பி வந்தது. ஏற்கெனவே நிரம்பியிருந்த ஆறு தாங்கவில்லை. 2020இல் வழக்கமான ஒரு மாதத்தைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கே கிடந்தது. இந்தியப் பெருங்கடல் மிகையாகச் சூடானதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகக் காட்டுகிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானின் கியூஷு தீவில் குமா ஆறு கரைபுரண்டது. அங்கே மேகத்திரள்கள் ஒரே வரிசையில் அடுத்தடுத்து உருவாகி, ஒரே பள்ளத்தாக்கின்மேல் மணிக்கணக்காகக் கொட்டின.