ஜூரி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்

பொன்னமராவதி மாதிரி ஊரில் பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து பேசப் போகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் அவர் மாமன், மச்சான் என்று ஏதோ ஒரு முறை. யார் பக்கம் பேசினாலும் மறுநாள் சந்தையில் இன்னொருவர் முகத்தில் விழிக்க வேண்டும். ஆனால் ஒரு வசதி உண்டு. "இதனால்தான் அப்படிச் சொன்னேன்" என்று காரணம் சொல்லலாம்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஜூரி முறையில் அந்த வசதியும் இல்லை.

சென்னை ஹைகோர்ட்டில் நடக்கும் கொலை வழக்குக்கு 9 ஜூரர்கள். சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. சம்மன் வந்தால் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். சாட்சிகளைக் கேட்டு, தங்களுக்குள் பேசி, குற்றவாளியா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். 6 பேர் ஒரே பக்கம் நின்று நீதிபதியும் ஒப்புக்கொண்டால் தீர்ப்பு.

1945-ல் அப்படி உட்கார்ந்த 9 பேருக்கு எதிரே நின்றவர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும்! சினிமாக்காரர்களைப் பற்றி 'இந்துநேசன்' பத்திரிகையில் கண்டபடி எழுதிவந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்துபோனார். அந்தக் கொலைச் சதி வழக்கு அது.

இதில் விசித்திரம், 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' அப்போதும் பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஹைகோர்ட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். திரையில் ஊரே கொண்டாடும் மனிதர், கூண்டில் கைதி.

ஜூரி இருவரையும் குற்றவாளி என்றது. டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் ஆயுள் தண்டனை. அப்பீலும் தள்ளுபடி. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்ல, 1947-ல் ஹைகோர்ட் இருவரையும் விடுவித்தது. விடுவித்த நீதிபதிகள் தங்கள் காரணங்களைத் தீர்ப்பில் எழுதினார்கள். ஜூரர்களிடம் அப்படிக் காட்ட ஒரு தாளும் இல்லை.

பாகவதர் மறைந்த அதே 1959-ல் பம்பாயில் நானாவதி வழக்கு. மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரிக்கு ஊரே அனுதாபப்பட்டது. 8 ஜூரர்கள் குற்றவாளி அல்ல என்றார்கள், ஒரே ஒருவர் மட்டும் மறுத்தார். ஹைகோர்ட் அந்த ஒருவர் பக்கம்தான் நின்றது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

நானாவதி வழக்கோடு ஜூரி முறை ஒழிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அதற்கு முன்பே, 1958-ல் சட்டக் கமிஷன் இதை ஒழிக்கச் சொல்லிவிட்டது. 1974 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

ஜூரர்களுக்குச் சட்டம் தெரியாது என்பதே அவர்கள் மீது எப்போதும் சொல்லப்படும் குறை. அதைவிடப் பெரிய கஷ்டம், சொன்ன ஒற்றை வார்த்தைக்குக் காரணம் சொல்ல வழியில்லாமல் அதே ஊரில் வாழ்வது. ஊருக்குப் பிடித்ததைச் சொல்லிவிடலாம் என்ற ஆசை அங்கேதான் முளைக்கிறது.

'ஹரிதாஸ்' படத்தை மூன்று தடவை பார்த்த ஒருவருக்கு அந்த சம்மன் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? நீங்களே சொல்லுங்கள் நண்பர்களே.