தனியே பழகும் நடிகன்

நடிகன் தன் பாடத்தைத் தனியே பழகுவதா, எதிரே ஒருவரை இருத்திப் பழகுவதா என்னும் வினா இன்று புதுவடிவில் எழுந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின், நடிக்க விரும்புவோர் தம்மைத் தாமே கைப்பேசியிற் படம்பிடித்துத் தேர்வுக்கு அனுப்புதல் பெருவழக்காயிற்று. எதிர்ப்பாத்திரத்தின் உரையைச் சொல்ல ஆளில்லாதவிடத்து, அதனை இயந்திரக் குரலிற் சொல்லி, நடிகன் பேசி முடிக்குமட்டும் காத்திருக்கும் செயலிகளும் வந்துள்ளன. மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தோர்க்கு இதைக் கேட்டதும் கூத்துக் களரி நினைவுக்கு வராமற் போகாது.

வடமோடியாயினும் தென்மோடியாயினும் இங்கு கூத்துப் பழகுதல் ஊரின் பொதுவேலை. அண்ணாவியார் ஆளறிந்து சட்டம் கொடுப்பார். அதாவது, அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் கொடுப்பார். அதை வீட்டில் மனனஞ் செய்யலாம். கூத்தை வீட்டிற் பழகவியலாது. ஆடுவோன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். அந்த வேளையிலேதான் அவன் ஆடுகிறான், மூச்சும் வாங்குகிறான். மத்தளம் அவன் காலைப் பார்த்து விரையும், தணியும். இவ்வாறு மாதக்கணக்கிற் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்த பின்னரே அரங்கேற்றம்.

ஆயின், தனிப்பயிற்சி இயந்திரத்தோடு பிறந்ததென எண்ணுதல் தவறு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நமக்கு அறிமுகஞ் செய்தார். அந்த ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டன் நடிகனுக்கு முழு நாடகமும் கையிற் கிடைப்பதில்லை. தன் வசனமும், அதற்கு முன் பிறர் பேசும் கடைசிச் சில சொற்களும் மாத்திரம் எழுதிய தாட்சுருளே கிடைக்கும். எட்வர்ட் அலின் என்னும் நடிகர் 1590களிற் பயன்படுத்திய சுருளொன்று டல்விச் கல்லூரியில் இன்றும் உள்ளது. கையாற் படியெடுப்பது பெருவேலை; நாடகமோ நாளுக்கொன்றாய் மாறும்; கூடிப் பழக நேரமில்லை. தொழிலின் நெருக்கடியே அவனைத் தனியனாக்கியது. இன்றைய செயலி அச்சுருளின் வாரிசு.

நேரம் சுருங்கினால் ஆளையும் நீக்கத்தான் வேண்டுமா? 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். விடியுமட்டும் ஆடும் கூத்து, நவீன மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது, அண்ணாவியார் நீக்கப்படவில்லை. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரே பல்கலைக்கழக மாணவரைப் பழக்கினார்.

களரியைப் புகழ்வோர் ஒன்றை மறைத்தலாகாது. மரபுக் கூத்திற் பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். இரவிற் களரிக்குச் செல்லவியலாத பெண்ணொருத்திக்கு, எவர் தயவுமின்றி அறைக்குள்ளிருந்து பழக வாய்க்கும் கருவி அற்பமானதன்று. மனனஞ் செய்ய அதுவே போதும். ஆனால் படம்பிடிக்கும் வேளையில் எதிரே ஒரு மனிதர் இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. நாம் குரல் தாழ்த்தினாலும் உயர்த்தினாலும், இயந்திரம் தன் அடுத்த வரியைப் பழைய தொனியிலேயே சொல்லும். அதற்கு மறுமொழியாக முகத்தில் என்ன எழும்?

அம்மனிதரை யார் தருவது என்பதே சிக்கல். நேரிலே தேர்வு நடந்த காலத்தில், எதிருரை சொல்லும் ஆளை அழைத்தவரே அமர்த்துவது வழக்கம். இன்று விளக்கு, படப்பிடிப்பு, எதிர்க்குரல் அனைத்தும் இன்னும் வேலை கிடைக்காத நடிகனின் செலவு. கல்லடியிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ படம் அனுப்பும் இளைஞன், கடையில் வேலை முடித்து வந்த தமக்கையை இரவு பத்து மணிக்கு எழுப்பி வாசிக்கச் சொல்கிறான். அவள் உறங்கிவிட்டால் செயலியைத் திறக்கிறான்.