முள்வாங்கி கட்டி நடந்த காலம்

உடையார்பாளையம் ஜமீனில் சங்கீதத்துக்கு மதிப்பு அதிகம். சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுப் பயின்றவர், தமிழறிஞர் உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர். அரியலூர், குன்னம் என அந்தக் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்த கதை, 1940இல் ஆனந்த விகடனில் வரத் தொடங்கிய சாமிநாதையரின் சுயசரிதையான ‘என் சரித்திர’த்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊர்விட்டு ஊர் போக வண்டி உண்டு. ஆனாலும் சாதாரண ஜனங்களுக்கு நடைதான்.

அவர்கள் நடந்த வழியோ செம்மண், சரளை, கருவேல முள் நிறைந்தது. அதனால் இடுப்பில் முள்வாங்கி இல்லாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். ஒரே வளையத்தில் கோத்த இரும்புக் கருவிகள்: கூரான ஊசி ஒன்று, சிறு இடுக்கி ஒன்று, கூடவே காதுக்குறும்பி எடுக்கும் குட்டிக் கரண்டி. அரைஞாண் கயிற்றிலோ சுருக்குப்பையிலோ கிடக்கும். சாயங்காலம் சத்திரத் திண்ணையில் உட்கார்ந்து, பாதத்தைத் தொடைமேல் போட்டு, எச்சில் தொட்டுத் துடைத்தால் கரும்புள்ளி தெரியும். ஊசியால் சுற்றிலும் தோலை நெகிழ்த்தி, தைத்த வாக்கிலேயே இழுக்க வேண்டும். உள்ளே ஒடிந்துவிட்டால் எருக்கம்பால் ஒரு சொட்டு. அது கண்ணில் பட்டுவிடக் கூடாது. குதிகால் வலிக்குச் சுட்ட செங்கல்மேல் எருக்கிலை பரப்பி மிதிப்பார்கள். வெடிப்புக்கு விளக்கெண்ணெய்.

செருப்பு நமக்குப் புதிதல்ல. மிளகுப் பொதி ஏற்றிக் கழுதைகளோடு போன வணிகர்கள் காலை மூடும் செருப்பு அணிந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது.

ஆனால் எல்லாக் கால்களுக்கும் அது வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித்துகள் மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. கால் பராமரிப்பின் வரலாற்றில் இந்தக் கொடுமையைச் சொல்லாமல் விட்டுவிட்டு முள்வாங்கியின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

இன்று வெறுங்காலோடு நெடுந்தூரம் நடப்பவர்கள் பாதயாத்திரைக்காரர்கள். சமயபுரத்துக்கு மஞ்சள் உடையிலும், செப்டம்பர் 8 திருவிழாவை ஒட்டி வேளாங்கண்ணிக்குக் காவி உடையிலும் போகிறார்கள். வெயில் ஏறுமுன் நடையை நிறுத்துவார்கள். தார் சுட்டால் சாலையோர வெள்ளைக் கோட்டின்மேல் கால் வைப்பார்கள், அங்கே சூடு சற்றுக் குறைவு. கொப்புளத்தின் தோலை உரிக்காமல் விடுவதே நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது: பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் சுட்டதும் தைத்ததும் தெரியாது. வேண்டுதல் இருந்தாலும் அவர்கள் செருப்போடுதான் நடக்க வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளங்காலை இன்னொருவரிடம் காட்டியாக வேண்டும்.