ஓடாத சிபியுவுக்கும் ஒரு பங்கு மெமரி

பல சிபியுக்கள் உள்ள கணினியில், எல்லாம் ஒரே எண்ணிக்கையைக் கூட்டப் போனால் தள்ளுமுள்ளுதான்! லாக் போட்டால் வரிசையில் நிற்க வேண்டும். லாக் இல்லாவிட்டாலும், அந்த எண் இருக்கும் கேஷ் லைன் ஒரு சிபியுவிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனி மெமரி ஒதுக்கியது. பெரிய ஜவுளிக்கடையில் கல்லாவுக்கு ஒரு நோட்டு வைப்பது மாதிரி. மொத்தம் தெரிய வேண்டுமா? எல்லா நோட்டையும் கூட்டிக்கொள்ளலாம்.

2003 டிசம்பரில் தொடங்கிய 2.6 வரிசை கர்னல்களில், ஓடும்போதே சிபியுவைச் சேர்க்கவும் நீக்கவும் வழி வந்தது. இதுதான் சிபியு ஹாட்பிளக். ரஸ்டி ரஸ்ஸல் இதில் முக்கியமானவர். உடனே ஒரு கேள்வி எழுந்தது. கல்லாவை மூடினால் அதன் நோட்டை என்ன செய்வது? கிழித்துப் போட்டால் கணக்கு உதைக்கும். அதைவிட மோசம், வேறொரு சிபியு அந்த நேரத்தில் அதே நோட்டைப் படித்துக்கொண்டிருந்தால் கர்னலே கவிழ்ந்துவிடும்.

கர்னலின் விடை, நோட்டைக் கிழிக்கவே வேண்டாம் என்பது. வரக்கூடிய சிபியுக்கள் அத்தனைக்கும் பூட் ஆகும்போதே இடம் ஒதுக்கிவிடும். ஒரு சிபியு போகும்போது, அது கைவசம் வைத்திருந்த காலிப் பக்கங்கள் பொதுக் கிடங்குக்குத் திரும்பும். அதன் நிகழ்வு எண்ணிக்கைகள் இன்னொரு சிபியுவின் கணக்கில் சேரும். இடம் மட்டும் அப்படியே இருக்கும். 2009ல் 2.6.30 கர்னலுக்காக டெஜுன் ஹியோ இந்த ஒதுக்கீட்டு முறையையே மாற்றி எழுதினார். அப்போதும் இந்த விதி மாறவில்லை. கொஞ்சம் மெமரி வீண், ஆனால் நிம்மதி. நல்ல பேரம்தான்... நிஜ இயந்திரத்தில்!

மெய்நிகர் இயந்திரத்தில் கதை வேறு. அங்கே சிபியு என்பது ஹோஸ்டில் ஓடும் ஒரு த்ரெட் மட்டுமே (2007ல் 2.6.20 கர்னலில் சேர்ந்த கேவிஎம்மிலும் அப்படித்தான்). சேர்ப்பதற்குச் செலவே இல்லை என்பதால், "பின்னால் வரலாம்" என்று தாராளமாகச் சொல்லிவிடுகிறார்கள். விஎம்வேரில் 2 சிபியு கொடுத்த இயந்திரம்கூட, பூட் செய்தியில் 128 சிபியு, அதில் 126 ஹாட்பிளக் என்று காட்டியதுண்டு. ஒன்றுக்கு 200 கேபி என்று வைத்தாலே 25 எம்பி. 512 எம்பி இயந்திரத்துக்கு அது வலிக்கும். அதோடு நிற்பதில்லை. கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சிஜிரூப் கணக்கு இதே வழியில்தான் இடம் பிடிக்கிறது. பிபிஎஃப்பின் பெர்-சிபியு மேப்களும் அப்படியே. வராத விருந்தாளிக்கு இலை போடுவது ஒரு முறையோடு முடிவதில்லை, பந்திக்குப் பந்தி நடக்கிறது!

பூட் வரியில் possible_cpus என்பதற்கு ஒரு சிறிய எண்ணைக் கொடுக்கும் வழி உண்டு என்பதைக் கர்னல் தெரிந்தவர்கள் அறிவார்கள். ஆனால் பிறகு அதற்கு மேல் ஒரு சிபியுகூடச் சேர்க்க முடியாது. இன்னொரு குழப்பம் ஏசிபிஐ அட்டவணையில் இருந்தது. அணைத்து வைத்த சிபியு இனி வருமா, வரவே வராதா என்று அதில் பிரித்துச் சொல்ல வழியில்லை. 2019ல் வந்த ஏசிபிஐ 6.3 அதற்கென ஒரு பிட் கொடுத்தது. 2021ல் லினக்ஸ் அதைப் பார்க்கத் தொடங்கியது. வரவே வராதவற்றுக்கு இடம் ஒதுக்குவது அதனால் குறையும். "வரலாம்" என்று ஹைப்பர்வைசர் சொல்லும் சிபியுவுக்கு மட்டும் இடம் இன்றும் பூட்டிலேயே போகிறது.