டிரங்குப் பெட்டியில் உறங்கும் உரிமை: முன்னாள் படைவீரர் குடும்பநலத்தின் நூற்றாண்டு

முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தபின் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைப்பது இன்று சட்டம் உறுதிசெய்த உரிமை. ஆனால் அது கைக்கு வந்து சேர்வது, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு படைப்பிரிவின் எழுத்தர் அந்தப் பெண்ணின் பெயரை எப்படி எழுதிவைத்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது. உரிமை வளர்ந்த வேகத்தில் அதைத் தாங்கும் ஆவண ஏற்பாடு வளரவில்லை. முதிய படைவீரர்களுக்கு இன்று தேவைப்படும் முதல் உதவி, அவர்கள் உயிரோடிருக்கும்போதே குடும்பப் பதிவுகளைச் சீராக்கித் தருவதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த இடைவெளிக்கு வேர் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். அவர்களைத் திரட்டிய ஆள்சேர்ப்பு ஏற்பாடுகளின் தொடர்ச்சியாகவே 1919-இல் இந்தியப் போர்வீரர் வாரியமும், அதன்கீழ் மாவட்ட வாரியங்களும் உருப்பெற்றன. பஞ்சாபை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் தான் தாய் யோங், இவை போர்வீரர் குடும்பங்களை ஆட்சிக்கு விசுவாசமாக வைத்திருக்கும் கருவியாகவும் இயங்கியதைக் காட்டுகிறார். அன்றைய உதவி, விசுவாசத்துக்குக் கிடைத்த சலுகை. ஆள் எடுக்கும் இடத்தில்தான் அந்தச் சலுகைக்கும் எடை இருந்தது. சில சமூகத்தாரே போருக்கு ஏற்றவர்கள் என்ற ‘போர்க்குடிகள்’ கோட்பாட்டால் தென்னகத்தில் ஆள்சேர்ப்பு சுருங்கி, 1920-களில் மதராஸ் படைப்பிரிவே கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்தான் அதை மீண்டும் எழுப்பியது. இந்திய வாரியம் 1975-இல் கேந்திரிய சைனிக் போர்டு என்று பெயர் மாறியது. மாவட்ட வாரியத்துக்கு ஆட்சியர் தலைவர் என்ற அமைப்பு மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

சலுகை உரிமையாக மாறியது சுதந்திர இந்தியாவில்தான், அதுவும் பெரும்பாலும் நீதிமன்றங்களின் வழியாக. 1964 ஜனவரி 1 முதல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஓய்வூதியம் அரசு இரங்கித் தரும் கொடையல்ல என்று 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1982 டிசம்பர் 17-இல் வந்த நகாரா வழக்குத் தீர்ப்பு அதை வலுவாக நிலைநாட்டி, ஓய்வுபெற்ற தேதியைக் காட்டி ஓய்வூதியர்களைப் பிரிப்பது கூடாது என்றது. அதன் பலன் படையினருக்கும் சேர்ந்தது. 1964-க்கு முன் ஓய்வுபெற்ற அல்லது இறந்த அரசு ஊழியர்களின் மனைவியரையும் குடும்ப ஓய்வூதியத்துக்குள் கொண்டுவந்தது 1985-ஆம் ஆண்டின் பூனம்மாள் வழக்கு. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் பெரிதும் மதிக்கத்தக்க தீர்ப்பு அது என்பேன். பிறகு 2003-இல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டமும், 2014 ஜூலை 1 முதல் கணக்கிடப்பட்டு 2015-இல் ஆணையிடப்பட்ட ஒரே பதவி ஒரே ஓய்வூதியமும் வந்தன.

இத்தனையும் நிற்பது சில காகிதங்களின்மேல். பணியில் இருக்கும்போது வீரரின் திருமணமும் குழந்தைப் பிறப்பும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற படைப்பிரிவு ஆணையில் பதிவாகும். அதை வைத்தே டிஸ்சார்ஜ் புத்தகமும், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையும் எழுதப்படும். சிப்பாய் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார். அதற்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் இன்னொரு பிள்ளை பிறக்கலாம், மனைவி இறக்கலாம், மறுமணம் நடக்கலாம். இவற்றைத் தானாக எழுதிக்கொள்ள இப்போது படைப்பிரிவு இல்லை. அவரேதான் படை ஆவணங்களைக் காக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘முனியம்மாள்’, ஆதாரில் ‘முனியம்மா’, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரும் ஒட்டிக்கொண்டு ‘முனியம்மாள் கந்தசாமி’. தமிழர் வழக்கத்தில் இனிஷியலாக நிற்கும் தந்தை பெயரைப் படை ஆவணம் விரித்து எழுதிவிட, வீரரின் பெயரும் இரண்டாகிவிடுகிறது. ஒரே பெண்ணை மூன்று பெண்களாகக் காட்டும் இந்த எழுத்துப் பிழையைத் திருத்த உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் அறிவிப்பு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கையொப்பம், ரெக்கார்ட் ஆபீஸ் ஒப்புதல், திருத்திய பி.பி.ஓ. என்று படி ஏற வேண்டியிருக்கிறது. கணவர் இருக்கும்போது அவர் கையெழுத்தே பெரும் சான்று. அவர் போனபின் ஒவ்வொரு படியிலும் அவள் தன்னை நிரூபிக்க வேண்டும்.

எல்லாம் கணினிமயமாகிவிட்ட பின் இடையில் ஆள் எதற்கு என்று கேட்கலாம். பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ இணையதளத்துக்கு மாறியிருக்கிறது. உயிர்வாழ் சான்றை 2014 முதல் ஜீவன் பிரமாண் வழியாக வீட்டிலிருந்தே தரலாம். நடந்து அலைய வேண்டியதைக் குறைத்தவகையில் இவை பெரும் பயனே. ஆனால் பழைய பிழையைக் கணினி திருத்துவதில்லை. எழுத்தர் கவனிக்காமல் விட்ட வேறுபாட்டை அது கண்டுபிடித்துத் தடுத்து நிறுத்துகிறது. உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாத எண்பது வயதுக்காரருக்குக் கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியீடும் புதிய வேலிகள். நல அலுவலகத்தின் வேலை குறையவில்லை, அதன் தன்மை மாறியிருக்கிறது.

இன்னொரு மறுப்புக்கு எடை அதிகம். முதுமையும் காகிதச் சிக்கலும் விவசாயக் கூலிக்கும் உண்டு. படைவீரருக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்? போதிய ஓய்வூதியம் இன்னும் கிடைக்காத கூலித் தொழிலாளியை நினைத்தால் இந்தக் கேள்வி சுடவே செய்கிறது. ஆனால் இங்கே கோருவது கூடுதல் சலுகை அல்ல. சாதாரணக் குடும்பத்தின் பதிவுகளில் பெரும்பகுதி தாலுகா அலுவலகத்தில் கிடைத்துவிடும். படைவீரரின் குடும்பப் பதிவோ அவர் இருந்த பிரிவைப் பொறுத்து வெலிங்டனிலோ நாசிக்கிலோ ஜபல்பூரிலோ செகந்திராபாத்திலோ இருக்கிறது. அந்தத் தொலைவை உண்டாக்கியது அரசுப் பணி. ஆகவே அதைக் கடக்க உதவுவதும் அரசின் கடனே. விதவையான பின் விசாரிக்கக் காத்திராமல், எழுபது வயதைத் தொட்ட ஒவ்வொருவரின் பி.பி.ஓ.வையும் ஆதாரையும் நல அலுவலகத்தின் அமைப்பாளர் அவர் வீட்டுத் திண்ணையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த ஒப்பீட்டில் மனைவிக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது, மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் தாய்வீடு திரும்பிய மகளும். சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மருத்துவச் சான்றோடு அந்தப் பெயரைப் பெற்றோரே பி.பி.ஓ.வில் ஏற்றிவைக்கலாம். மணமுறிவு பெற்ற மகளுக்கும் விதி இடம் தருகிறது. ஆனால் வழக்கு, பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருக்கும்போது நீதிமன்றத்தில் தாக்கலாகியிருக்க வேண்டும். மானம் கருதி ஊர்ப் பஞ்சாயத்தோடு நிறுத்திக்கொண்ட குடும்பத்தில், தாய் தந்தை இருவரும் போன மறுநாள் அந்த மகளிடம் காட்ட எந்தத் தேதியும் இருப்பதில்லை.