தோட்டாவில் தடவிய கொழுப்பு

பகேரியாவில் டிசம்பர் பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது. ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். சிசிலியின் கரையோரக் குளிர் பனி கொட்டும் குளிரல்ல என்றாலும் அதற்குப் போதும். பக்கத்தில் இருக்கும் ஒலிவ் எண்ணெய் அப்போதும் தாராளமாக ஓடும். கொழுப்பு எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் இளகும் வெப்பமும் இறுகும் குளிரும் வேறு. சமையலறையில் இது சின்ன விடயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது படைகளின் தலையாய விடயங்களில் ஒன்று. இந்தியாவில் ஒரு பேரரசையே உலுக்கிய 1857ஆம் ஆண்டின் கதையும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது.

வாய்வழியே கெட்டிக்கும் துவக்கில் முதலில் கரிமருந்தைக் கொட்டுவார்கள். பிறகு ஈயக் குண்டை வைத்து இடிகம்பியால் அடிவரை இறக்குவார்கள். பழைய மஸ்கெட்டின் குழல் உள்ளே வழவழப்பானது. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பதால் சுலபமாக இறங்கும், ஆனால் குறி தவறும். ரைபிளின் குழலிலோ திருகாணியைப் போலச் சுழன்று செல்லும் வரிகள் உண்டு. குண்டு அந்த வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறினால்தான் குறி தப்பாது. பற்ற வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கெட்டிப்பது கடினம். இதற்கு வேட்டைக்காரர்கள் கண்ட வழி, கொழுப்பு தடவிய துணித்துண்டிலோ மெல்லிய தோலிலோ குண்டைப் பொதிந்து இறக்குவது. துணி வரிகளைப் பற்றும், கொழுப்பு வழுக்கிவிடும். சுடச்சுடக் குழலுக்குள் படியும் கரியையும் அது இளக்கி வைக்கும்.

பிரித்தானியப் படைக்கு 1800இல் வந்த பேக்கர் ரைபிளின் கட்டையில், பித்தளை மூடியிட்ட சிறு பெட்டி ஒன்று இருந்தது. கொழுப்புத் துணிகள் அதற்குள்தான். தொடக்கத்தில் குண்டை அடித்து இறக்கச் சிறு மரச் சுத்தியலும் கொடுத்துப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. 1809 ஜனவரியில், ஸ்பெயினின் வடமேற்கு மலைகளில் பனிக்கு நடுவே பிரித்தானியப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அம்மாதம் 3ஆம் நாள் ககபேலோஸ் என்ற ஊரில், 95ஆம் ரைபிள் படைப்பிரிவின் டாம் பிளங்கெட் பேக்கர் ரைபிளால் பிரெஞ்சுத் தளபதி கோல்பேரைத் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்தினார். அந்தச் சூடு புகழ்பெற்றது. அதற்குப் பின்னால் இருந்த துணித்துண்டையும் கொழுப்பையும் பற்றி யாரும் பேசுவதில்லை.

குளிரில் கொழுப்பைத் தேர்வது எளிதல்ல. தேன்மெழுகு இளக 60 பாகைக்கு மேல் வேண்டும். குளிரில் அது கல்லாகிவிடும். மாட்டுக் கொழுப்பும் இறுகி, குண்டை வழுக்குவதற்குப் பதிலாகப் பிடித்து நிறுத்தும். எச்சில் தொட்டு ஈரமாக்குவது பழைய பழக்கம்; உறைகுளிரில் எச்சிலே பனிக்கட்டியாகிவிடும். வறண்ட குளிர்காற்றில் கரிமருந்தின் படிவும் ஈரமில்லாமல் ஓடுபோல ஒட்டிக்கொள்ளும். அதனால் குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள் இளகிய கொழுப்புகளை நாடினார்கள்: கரடி நெய், திமிங்கில எண்ணெய். மெழுகைக் குறைத்து எண்ணெயைக் கூட்டிக் கலந்தார்கள். எண்ணெய் அளவு மீறினாலும் கேடுதான். அது கசிந்து மருந்தில் ஊறினால் சூடு பிடிக்காது. கோடையில் இதற்கு நேர்மாறு: மெழுகைக் கூட்ட வேண்டும். இன்றும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தத் துவக்கோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள், பருவத்துக்கு ஏற்பத் தாங்களே கலந்துகொள்கிறார்கள். எதைத் தொடுகிறோம், எதைத் தடவுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தக் கடைசி விடயம் முக்கியம்.

1853ஆம் ஆண்டின் என்ஃபீல்ட் ரைபிளில் துணித்துண்டு இல்லை. மருந்தும் குண்டும் ஒரே தாள் சுருளுக்குள் வந்தன. சிப்பாய் அந்தத் தோட்டாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, தாளோடு சேர்ந்த குண்டை உள்ளே இறக்க வேண்டும். துணியின் வேலையைத் தாள் எடுத்துக்கொண்டது. அதனால் கொழுப்பும் தாளின் மேல் வந்தது. விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த அந்தப் பூச்சு பிரித்தானியத் தட்பவெப்பத்தில் வேலை செய்தது. இந்திய வெயிலில் உருகி மருந்தைக் கெடுக்குமா?

இந்தக் கேள்வியைக் கம்பனி அசட்டை செய்யவில்லை. 1853இல் தோட்டாக்கள் இந்தியாவுக்கு வந்தன. கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் சிப்பாய்களின் தோட்டாப் பைகளில் மாதக்கணக்கில் வைத்துச் சோதித்தார்கள். 1855இல் முடிவுகள் திரும்பிப் போயின. வெப்பம் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை தேடிய சோதனை அது.

இன்னொரு கேள்வியை ஒருவர் எழுத்தில் எழுப்பியிருந்தார். வங்காளப் படையின் துணைத்தளபதி அலுவலகத்துக்குப் பொறுப்பாயிருந்த கேணல் ஹென்றி டக்கர், 1853 டிசம்பரில், இந்தக் கொழுப்பு சாதி ஆசாரத்துக்கு ஊறு செய்யாதது என்று உறுதியானால் ஒழிய இந்தியச் சிப்பாய்களுக்குத் தோட்டாவைக் கொடுக்கக்கூடாது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை கோப்பில் உறங்கியது. கல்கத்தாவில் தோட்டா செய்யத் தொடங்கியபோது, கொழுப்பு எந்த விலங்கினது என்று வரையறுக்க யாருக்கும் தோன்றவில்லை. பசுவாக இருந்தால் இந்து கடிக்க மாட்டான். பன்றியாக இருந்தால் முஸ்லிம் கடிக்க மாட்டான். எதுவென்று தெரியாதபோது இருவரும் அஞ்சுவார்கள்.

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் செய்தி வெடித்தது. தோட்டாச் சாலைத் தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாயிடம் குடிக்க நீர் கேட்டான். சாதியைக் காட்டி மறுத்தவனிடம், பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கடிக்கப்போகிற உனக்கு இனிச் சாதி ஏது என்று அவன் கேட்டதாகக் கதை. தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காதவனின் வாயிலிருந்து இந்தச் செய்தி வந்தது என்பதை, சிப்பாய்களின் ஆசாரத்தைப் பற்றி எழுதும்போது நாம் மறக்கக்கூடாது.

டம்டம்மில் அணிவகுப்பில் நிறுத்திக் கேட்டபோது சிப்பாய்கள் வெறும் மறுப்போடு நிற்கவில்லை. மெழுகும் எண்ணெயும் கலந்து பூசலாம் என்று தாங்களே ஒரு வழியும் சொன்னார்கள். வெப்ப நாட்டுக்கு அது சரியான கலவை. பின்னாளில் பிரித்தானியத் தோட்டாக்களிலும் விலங்குக் கொழுப்பின் பங்கு குறைந்து தேன்மெழுகின் பங்கு கூடியது. ஆசாரத்துக்காகச் சொன்ன விடை தொழில்நுட்பத்துக்கும் பொருந்தியது. அரசும் விரைவாகவே இறங்கிவந்தது. ஜனவரி 27ஆம் நாளே, கொழுப்பில்லாத தோட்டாவைக் கொடுத்து, சிப்பாய்கள் விரும்பியதைப் பூசிக்கொள்ளட்டும் என்று உத்தரவு பிறந்தது. கடிப்பதற்குப் பதிலாகக் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையும் மாற்றினார்கள்.

ஆனால் அதற்குள் சந்தேகம் கொழுப்பிலிருந்து தாளுக்குத் தாவிவிட்டது. புதுத் தாள் ஏன் இப்படி மினுங்குகிறது? பெப்ரவரி 26இல் பெர்காம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டா வாங்க மறுத்தது. மார்ச் 29இல் பராக்பூரில் மங்கள் பாண்டே துவக்கைத் தூக்கினார். ஏப்ரல் 24இல் மீரட்டில் 85 குதிரைவீரர்கள் மறுத்தார்கள். அவர்களுக்கு நீட்டியவை பழைய வகைத் தோட்டாக்களே. மே 9இல் படை முழுவதும் பார்த்திருக்க அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

அயோத்தியைப் பறித்தது, கடல் கடந்து போகவும் கட்டாயப்படுத்தும் 1856ஆம் ஆண்டுச் சட்டம் எனக் காரணங்கள் வேறும் இருந்தன. கொழுப்பு மட்டுமே புரட்சியைச் செய்யவில்லை. மற்றக் குறைகள் எல்லாம் நாவில் உணரக்கூடிய ஒன்றாகத் திரண்டது அந்தத் தோட்டாவில்தான்.

கம்பனிக்கு இது புதுப் பாடமும் அல்ல. 51 ஆண்டுகளுக்கு முன், 1806 ஜூலை 10இல், வேலூர்க் கோட்டையில் சென்னைப் படையின் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக்குறியும் தாடியும் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அதற்கு உடனடிக் காரணம். பிறகு ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடொக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். வேலூரில் தலையில் வைத்த தோல். டம்டம்மில் வாயில் வைக்கும் கொழுப்பு. இரண்டிலும் பொருளின் பயனைப் பார்த்தவர்கள் அது படும் உடம்பைப் பார்க்கவில்லை.

அதே என்ஃபீல்ட் மூன்றாண்டுகளில் நாங்கள் வாழும் இந்தத் தீவுக்கும் வந்தது. 1860 மே 11இல் மார்சாலாவில் இறங்கிய கரிபால்டியின் ஆயிரவர் கையில் பெரும்பாலும் பழைய மஸ்கெட்டுகளே இருந்தன. அவர்களுக்காக வாங்கிய என்ஃபீல்டுகளை மிலான் ஆளுநர் விடவில்லை. மே 27இல் அவர்கள் அம்மிராலியோ பாலத்தைக் கடந்து பலேர்மோவுக்குள் நுழைந்தார்கள். பகேரியாவில் பிறந்த ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ அந்தச் சண்டையைப் பின்னாளில் பெரிய திரையில் வரைந்தார். ஜூனில் மெதிச்சியின் படையோடு என்ஃபீல்டுகள் வந்தன. தோட்டாவில் எந்த விலங்கின் கொழுப்பு என்று கேட்க இங்கே எவருக்கும் காரணம் இருக்கவில்லை. பன்றி நெய் அவர்கள் அடுப்படியிலேயே இருந்தது. துவக்கு ஒன்றுதான், அதைப் பிடித்த கைகளும் கடித்த வாய்களும்தான் வேறு.

அந்நிய நாட்டில் வேலை செய்யும் எங்களுக்கு இந்த வரலாறு தூரத்துக் கதையாகத் தோன்றுவதில்லை. ஓர் உணவிலோ மருந்துக் குளிசையிலோ என்ன கொழுப்பு இருக்கிறது என்று கேட்கும் புலம்பெயர்ந்தவரைப் பிடிவாதக்காரர் என்று நினைப்பது எளிது. 1857இன் அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். சிப்பாய்கள் சொன்ன மெழுகும் எண்ணெயும் மலிவானவை, கிடைக்கக்கூடியவை, வெயிலுக்கும் ஏற்றவை. நான்கு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் விடை அப்போதே கிடைத்திருக்கும். கேட்கவில்லை. கேட்டபோது, விடையை வாங்கிக்கொள்ள நம்பிக்கை மிச்சமிருக்கவில்லை.