'லகானை'த் தோற்கடித்த படத்துக்கு யார் காசு போட்டாங்க?

இந்த எபிசோடை எங்க வீட்டு வயித்தெரிச்சல் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2002 மார்ச் 24, லாஸ் ஏஞ்சலஸ். நமக்கு 25ஆம் தேதி காலை. சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் அறிவிக்கப் போறாங்க. போட்டியில் 'லகான்' இருக்கு. 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே' இரண்டுக்கும் பிறகு அந்தக் கடைசி ஐந்து வரைக்கும் போன மூணாவது இந்தியப் படம். விருது கிடைக்கல. எனக்கு அப்போ நாலு வயசு, ஒண்ணும் ஞாபகம் இல்லை. ஆனா என் சித்தப்பா இன்னைக்கும் சொல்வார்: "ஏதோ ஒரு யுத்தப் படத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்கடா."

இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல யாரோ ஒருத்தர் ஹார்ட் டிஸ்க்கில் அந்த "ஏதோ ஒரு யுத்தப் படம்" கிடைச்சுது. 'நோ மேன்ஸ் லேண்ட்'. சித்தப்பாவுக்காகத் திட்டிக்கிட்டே பார்க்க உட்கார்ந்தேன். முடிஞ்சப்போ திட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. ஆனா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. விருதை வாங்கிய நாடு போஸ்னியா. தயாரிச்ச நாடுகள்னு பார்த்தா போஸ்னியா, ஸ்லோவேனியா, இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன். ஒரு பதுங்குகுழிக்குள்ள மூணு பேர் மாட்டிக்கிற கதைக்கு எதுக்கு ஆறு நாடு?

அந்தக் கேள்வியை அப்போ அப்படியே விட்டுட்டேன். போன வருஷம் அது வேற ரூபத்தில் திரும்பி வந்துச்சு. நானும் யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு நண்பரும் சேர்ந்து போட் மெயில் பற்றி ஒரு ஆடியோ தொடர் செய்யத் திட்டம் போட்டோம். சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடிச்சு கொழும்பு போன அந்தப் பாதை. 1964 புயலோட தனுஷ்கோடி போச்சு, பாதையும் துண்டாச்சு. கலைத் திட்டங்களுக்கு நிதி தர்ற ஒரு அமைப்பின் விண்ணப்பத்தைத் திறந்தேன். "விண்ணப்பதாரரின் நாடு": டிராப்டவுன், ஒண்ணைத்தான் தேர்வு செய்ய முடியும். இந்தியான்னு போட்டேன். அதுக்கப்புறம் நண்பருக்கான தொகையை எழுத ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சு, "வெளி சேவைச் செலவு". ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அவர் எழுதினார்: "அப்ப நான் ஆர் மச்சான், கூலிக்கு ஒலிப்பதியிற ஆளோ?"

என்னால பதில் சொல்ல முடியல. அந்த வாரம்தான் ஐரோப்பாவில் இதை எப்படிச் செஞ்சாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஐரோப்பிய ஒன்றியம் வேற, ஐரோப்பிய கவுன்சில் வேற. கவுன்சில் 1949ல் தொடங்கியது, தலைமையகம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க். மனித உரிமை நீதிமன்றம் அங்கேதான் இருக்கு. அந்தக் கவுன்சில்தான் 1988 அக்டோபர் 26 அன்று 'யூரிமாஜ்' என்ற நிதியை உருவாக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. தொடக்கத்தில் 12 நாடுகள். சேரணும்னு யாருக்கும் கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்ட நாடு பணம் போட்டு உள்ள வரலாம். பிரிட்டன் 1993ல் சேர்ந்து, மூணு நாலு வருஷத்திலேயே வெளியேறிவிட்டது. பிரெக்சிட்டுக்கு இருபது வருஷம் முன்னாடியே ஒரு சின்ன ஒத்திகைன்னு வெச்சுக்கோங்க.

ஏன் இப்படி ஒரு நிதி? 1980களில் ஐரோப்பியத் தியேட்டர்களை ஹாலிவுட் விழுங்கிக்கிட்டிருந்தது. ஆங்கிலப் படம் எடுக்கிறவருக்கு உலகமே சந்தை. டேனிஷ் மொழியிலோ போர்ச்சுகீசிய மொழியிலோ எடுக்கிறவருக்குச் சொந்த ஊர் டிக்கெட்டை மட்டும் வெச்சுப் போட்ட காசு திரும்பாது. அதனால பல நாட்டுக்காரங்க சேர்ந்து எடுங்க, சேர்ந்து எடுத்தா நாங்க ஒரு பங்கு போடுறோம்னு சொன்னாங்க. படம் சம்பாதிச்சா வருமானத்திலிருந்து திருப்பிக் கொடுக்கணும், சம்பாதிக்கலைன்னா கேட்க மாட்டாங்க. ஆரம்பத்தில் குறைஞ்சது மூணு நாட்டுத் தயாரிப்பாளர் வேணும்னு விதி. பிறகு இரண்டாகக் குறைத்தார்கள்.

இப்போ என்னை மாதிரி ஆட்களுக்குப் பிடிச்ச பகுதி. 1992ல் அதே கவுன்சில் திரைப்படக் கூட்டுத் தயாரிப்புக்காக ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தது. அதில் ஒரு படம் "ஐரோப்பியப் படமா" என்று கண்டுபிடிக்க ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கு. இயக்குநர் ஐரோப்பியர்னா 3. திரைக்கதை எழுதியவர் 3. இசை 1. முதல் முக்கிய வேடம் 3, இரண்டாவது 2, மூன்றாவது 1. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், கலை இயக்கம், படப்பிடிப்பு நடக்கும் இடம், பிந்தைய வேலைகள் நடக்கும் இடம், எல்லாம் தலா 1. மொத்தம் 19. 15 எடுத்தா பாஸ்.

ஒரு கலாசாரத்தோட அடையாளத்தை ஒரு ஃபங்ஷனாக எழுதி, உள்ளே ஒரு கண்டத்தைக் கொடுத்து, வெளியே ட்ரூ அல்லது ஃபால்ஸ் வாங்குறாங்க! சிரிப்பு வந்துச்சு. அடுத்த நிமிஷம் மரியாதையும் வந்துச்சு. "இது எங்க பண்பாட்டுப் படமா?" என்று நாலு பெரியவங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முகம் பார்த்து முடிவு பண்றதைவிட இது எவ்வளவோ மேல். கதை என்ன, கருத்து என்ன, நாட்டுக்குப் பெருமையா சிறுமையா, இதுக்கெல்லாம் அட்டவணையில் கட்டமே கிடையாது. 15 வராட்டியும், படம் ஐரோப்பிய அடையாளத்தைக் காட்டுதுன்னு நாடுகள் கலந்து பேசி ஒத்துக்கிட்டா அனுமதிக்கலாம்னு ஒரு எக்செப்ஷன் ஹேண்ட்லர்கூட வெச்சிருக்காங்க.

இந்த முறைக்குப் பக்கவிளைவும் உண்டு. நாட்டுக்கொரு நடிகர்னு கணக்குப் போட்டா என்ன ஆகும்? இத்தாலியக் கிராமத்துக் கதையில் அப்பா ஜெர்மன் உச்சரிப்பில் பேசுவார், மகள் பிரெஞ்சு, பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பானிஷ். இந்த வகைப் படங்களுக்கு விமர்சகர்கள் வைத்த பெயர் 'யூரோபுட்டிங்'. எல்லாத்தையும் ஒண்ணாக் கிண்டிய களி. நமக்கு இது புரியாதா என்ன? ஹீரோ தெலுங்கு, வில்லன் இந்தி, போலீஸ் மலையாளம், நண்பன் தமிழ்னு ஆள் சேர்த்து 'பான் இந்தியா'ன்னு போஸ்டர் அடிக்கிறோமே, அதே சமையல்தான். நம்ம ஊரில் அதைச் சந்தை செய்யுது, அங்கே அரசுப் பணம் செஞ்சது.

இந்தப் பின்னணியோட டானிஸ் டானோவிச்சிடம் வருவோம்.

போஸ்னியாவின் செனிட்சா நகரில் 1969ல் பிறந்தவர். சரயேவோவில் சினிமா படிச்சுக்கிட்டிருந்தப்போ 1992ல் யுத்தம். கேமராவைத் தூக்கிக்கிட்டு போஸ்னிய ராணுவத்தோட முன்வரிசையில் நின்று படம் பிடித்தார். அந்த நகரம் 1425 நாள் முற்றுகையில் இருந்தது. 90களின் நடுவில் பெல்ஜியம் போய், விட்ட சினிமாப் படிப்பை பிரசல்ஸில் தொடர்ந்தார். முதல் முழுநீளப் படத்துக்கான திரைக்கதை கையில் இருக்கு. சொந்த நாடு சாம்பல். அங்கே இருந்து எவ்வளவு பணம் வரும்?

கதை இதுதான். இரண்டு படைகளுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பதுங்குகுழி. அதில் ஒரு போஸ்னியாக் வீரன், ஒரு செர்பிய வீரன். இருவரும் பேசுவது ஒருத்தருக்கொருத்தர் புரியும் மொழி. பேச்சு வாக்கில் இரண்டு பேருக்கும் ஒரே பெண்ணைத் தெரிஞ்சிருக்குன்னுகூடத் தெரியவருது. பக்கத்தில் மூணாவது ஆள் செத்துட்டான்னு நினைச்சு, உடம்புக்குக் கீழே கண்ணிவெடி வெச்சிருக்காங்க. எழுந்தா வெடிக்கும். ஆனா அவன் சாகலை. ஐ.நா. அமைதிப்படை வருது: பிரெஞ்சு சார்ஜென்ட், ஆங்கிலேய கர்னல், வெடியை எடுக்க ஒரு ஜெர்மன் நிபுணர். பின்னாலேயே பிரிட்டிஷ் டிவி நிருபர்.

கவனிச்சீங்களா? யூரோபுட்டிங்குக்குத் தேவையான அத்தனை சாமானும் இங்கே இருக்கு. ஆனா இது களி ஆகல. காரணம், அந்த யுத்தத்தில் நிஜமாகவே அவங்க எல்லாரும் அங்கே வந்து நின்றார்கள். ஆளுக்கொரு மொழி பேசினார்கள். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியல. படப்பிடிப்பு நடந்தது ஸ்லோவேனியாவில். செர்பிய வீரனாக நடித்த ரெனே பிட்டோராயத்ஸ் குரோஷிய நடிகர். இயக்கம், திரைக்கதை, இசை மூணும் டானோவிச். அட்டவணையின் 19ல் 7 மதிப்பெண்ணுக்கான வேலை ஒரே ஆள் தலையில்!

யூரிமாஜும் இதுக்குப் பணம் கொடுத்தது. 2001ல் கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது, அடுத்த மார்ச்சில் ஆஸ்கர். அந்த மேடையில் டானோவிச் நின்ற நாளில் போஸ்னியா ஐரோப்பிய கவுன்சிலில் உறுப்பினர்கூட இல்லை. சேர்ந்தது 2002 ஏப்ரல் 24. சரியாக ஒரு மாதம் கழித்து.

கடைசிக் காட்சியைச் சொல்லப் போறேன், பார்க்காதவங்க ஒரு நிமிஷம் தள்ளிவிட்டுக்கோங்க. வெடியை எடுக்க முடியாதுன்னு நிபுணர் சொல்லிடுறார். கர்னல் பத்திரிகைக்காரங்ககிட்ட ஆளைக் காப்பாத்தியாச்சுன்னு காட்டிட்டுக் கிளம்புறார். எல்லா வண்டியும் போகுது. அவன் மட்டும் அப்படியே படுத்திருக்கான்.

போஸ்னியாவில் கையைக் கட்டிக்கிட்டு நின்ற அரசாங்கங்கள்தான் அந்த நிதிக்கும் சந்தா கட்டியவை. தங்களைக் குற்றம் சொல்லும் படத்துக்குத் தாங்களே காசு கொடுத்திருக்காங்க. இதை நான் பெருந்தன்மைன்னு சொல்ல மாட்டேன். அட்டவணையில் "எங்களைத் திட்டுறாங்களா?" என்ற கட்டம் இல்லாததன் விளைவுன்னுதான் சொல்வேன்.

ஒரே ஒரு தடவை நடந்த விபத்தா இது? 2020ல் யாஸ்மிலா ஷ்பானிச் எடுத்த 'குவோ வாடிஸ், ஐடா?' பாருங்க. 1995 ஜூலை, ஸ்ரெப்ரெனிட்சா. ஐ.நா. பாதுகாப்பு வளையத்தில் டச்சு வீரர்கள் காவல் இருந்தும், 8000க்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். அந்த டச்சு முகாமுக்குள் நடக்கும் கதை. ஒன்பது நாட்டுக் கூட்டுத் தயாரிப்பு. நெதர்லாந்து அதில் ஒண்ணு. ஐடாவாக நடித்த யாஸ்னா ஜுரிச்சிச் செர்பிய நடிகை.

சரி, ஆறு நாடு, ஒன்பது நாடுன்னு சேர்ந்து எடுத்தா படம் யாருடையது? 1992 ஒப்பந்தத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்ச வரிகள் இங்கேதான் வருது. கூட்டுத் தயாரிப்பாக ஏற்கப்பட்ட படத்தை, ஒவ்வொரு நாடும் தன் சொந்த நாட்டுப் படமாகவே நடத்தணும். உள்ளூர்ப் படத்துக்கு என்ன சலுகையோ அதே சலுகை. படச்சுருளின் மூல நெகடிவ் எல்லாத் தயாரிப்பாளருக்கும் கூட்டுச் சொத்து. மூணு நாட்டுக்கு மேல் சேரும் படத்தில் ஒருத்தர் 10 சதவீதம்தான் போட்டிருந்தாலும் அவர் உரிமையாளர். பணத்தைவிட இந்தக் கண்டுபிடிப்புதான் எனக்குப் பெருசாத் தெரியுது. ஒரு படத்துக்கு ஒண்ணுக்கு மேல தாய்நாடு இருக்கலாம்னு சட்டமாகவே எழுதிட்டாங்க.

நமக்கு இது இன்னும் கை வரல. 2024ல் பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியது. பிரான்ஸ், நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி எல்லாம் சேர்ந்த தயாரிப்பு. மும்பையில் வாழும் மலையாள நர்சுகளின் கதை. ஆஸ்கருக்கு இந்தியா அதை அனுப்பல. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் மாதிரி இருந்ததுன்னு தேர்வுக்குழு நினைத்ததாக செய்தி வந்துச்சு. பிரான்ஸ் தன் இறுதிப் பட்டியலில் வெச்சிருந்தது, கடைசியில் அதுவும் வேற படத்தை அனுப்பியது. இத்தனைக்கும் 1988லேயே 'சலாம் பாம்பே'க்கு நம்ம அரசின் என்.எஃப்.டி.சி.யும் பிரிட்டனின் சேனல் ஃபோரும் சேர்ந்து காசு போட்டிருக்கு, அதை இந்தியப் படமாகத்தான் அனுப்பினோம்.

எங்க விண்ணப்பம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அனுப்பல. "வெளி சேவை"ன்னு எழுதி அவர் பெயரைப் போட எனக்கு மனசு வரல, அவருக்கும் சம்மதமில்லை. அதுக்குப் பதிலா ஒரு பக்கத்தில் எங்களுக்குள்ளேயே ஒப்பந்தம் எழுதிக்கிட்டோம். முதல் எபிசோடுக்குத் தலைமன்னார் பக்கம் அவரும், ராமேஸ்வரம் பக்கம் நானும் ஒலிப்பதிவு முடிச்சாச்சு. செலவு இப்போதைக்கு இரண்டு பேர் சம்பளத்திலிருந்து. மூல ஆடியோ மொத்தமும் ஒரு பிரதி அவர் ஹார்ட் டிஸ்க்கில், ஒரு பிரதி என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கு.

சித்தப்பாகிட்ட 'நோ மேன்ஸ் லேண்ட்' லிங்க் அனுப்பியிருக்கேன், இன்னும் பார்க்கல. அடுத்த வாரம் சந்திப்போம்.